தண்ணியோ, சாம்பலோ

1. முறைப்பாடு

எங்கள் கம்மாலைக்கு, அதாவது கொல்லுப்பட்டறைக்கு, வந்த முறைப்பாடுகள் கொஞ்சநஞ்சமல்ல. மண்வெட்டி மழுங்கிவிட்டது, வண்டிச் சில்லின் பட்டா கழன்றுவிட்டது, கலப்பைக் கொழு வளைந்துவிட்டது என்று யாராவது வந்து நிற்பார்கள். ஆனால் செய்து கொடுத்த சாமான் அளவுக்கு மீறிப் பலமாக இருக்கிறது என்று முறைப்பாடு சொல்ல வந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் முள்ளிவாய்க்கால் அந்தோனி அண்ணை.

அறுபதுகளின் தொடக்கம் அது. முரசுமோட்டையில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியோரத்தில் எங்கள் கம்மாலை இருந்தது. ஒருநாள் காலமை பஸ்சால் இறங்கி அவர் வந்தார். கையில் ஓர் ஓலைப்பை நிறையக் கருவாடு. சில வாரங்களுக்கு முன்னர்தான் அவருடைய வள்ளத்துக்கு நங்கூரம் அடித்துக் கொடுத்திருந்தோம். கரையிலிருந்து எங்களுக்கு வந்த முதல் ஓடர் அது. என் கணவர் அதை நினைத்து நினைத்துப் பூரித்துப்போயிருந்தார்.

"என்ன அண்ணை, நங்கூரம் எப்பிடி? பிடிக்குதோ?" என்று இவர் கேட்டார்.

"பிடிக்குது ஆசாரியார். நல்லாய்த்தான் பிடிக்குது. இப்பவும் கடலுக்கடியில பிடிச்சுக்கொண்டுதான் இருக்குது."

நான் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். கரையிலிருந்து கொஞ்சத் தூரம் போனால் கடலுக்கடியில் கற்பாறைத் திட்டுகள் இருக்கின்றன. பார் என்று சொல்வார்கள். மீன் நிற்பது அங்கேதான். நங்கூரத்தைப் பாரில் போட்டு வள்ளத்தை நிறுத்திவிட்டுத் தூண்டில் போடுவார்கள். அந்தோனி அண்ணையும் தம்பியும் அப்படி நின்றபோது காற்று மாறிக் கடல் எழும்பியிருக்கிறது. நங்கூரத்தின் கை பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. கயிறு வள்ளத்தின் அணியத்தைக் கீழே இழுத்துப் பிடித்திருக்க, வந்த அலையெல்லாம் முன்பக்கத்தால் உள்ளே விழுந்தது. தம்பிக்காரர் கத்தியோடு முன்னுக்குத் தவழ்ந்துபோய்க் கயிற்றை அறுத்தார். அந்த ஆட்டத்தில் தன் உள்ளங்கையையும் சேர்த்து அறுத்துக்கொண்டார்.

"நங்கூரம் போகட்டும், கயிறும் போகட்டும். ரெண்டு உயிர் போகப் பாத்தது" என்றார் அந்தோனி அண்ணை.

"அப்ப உடையிற நங்கூரமோ உங்களுக்கு வேணும்?"

"உடையப்படாது ஆசாரியார். நிமிரவேணும்." அவர் தன் விரல்களைக் கொக்கிபோல் மடக்கி, மெல்ல விரித்துக் காட்டினார். "காத்துக்கு வள்ளத்தைப் பிடிக்கவேணும். கல்லில மாட்டினால், அலை தூக்கிற தூக்கில கை நிமிந்து கழண்டு வரவேணும். கரைக்கு வந்து திருப்பி வளைக்கலாம்தானே. எங்கட பழைய நங்கூரமெல்லாம் அப்பிடித்தான்."

இவர் இரும்பு பிடிக்கும் குறட்டைக் கீழே போட்டார். "வளையிற சாமான் அடிக்கிறதுக்கு நான் தேவையில்லை. ஈயம் உருக்கிறவனிட்டப் போங்கோ."

அந்தோனி அண்ணை கருவாட்டுப் பையை வாசலில் வைத்துவிட்டுப் பஸ் பிடிக்கப் போனார்.

2. சம்மட்டி என் கைக்கு வந்த விதம்

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் அந்த வெய்யிலில் அந்தோனி அண்ணைக்குப் பின்னால் ஓடினேன் என்பது விளங்காது.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் முன்பு இருந்த, இவருடைய தமையனின் கம்மாலையில் ஆட்களுக்குக் குறைவில்லை. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து எங்கள் பக்கத்துச் சனம் வன்னிக்கு வந்தபோது, அவர்களுடைய கலப்பைகளுக்குப் பின்னால் நாங்களும் வந்தோம். இங்கே வந்த பிறகுதான் சம்மட்டி அடிக்க ஆள் பிடிப்பது எவ்வளவு பெரிய பாடு என்று தெரிந்தது. நெல் வெட்டுக்காலம் வந்தால் வைத்திருக்கும் ஆளும் வயலுக்குப் போய்விடுவான். ஒருநாள் வண்டிப் பட்டா உலையில் சிவந்து கிடக்கிறது, அடிக்க ஒருவரும் இல்லை. துருத்தி இழுத்துக்கொண்டிருந்த நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சம்மட்டியைத் தூக்கினேன். இவர் ஒரு கணம் பார்த்தார். இரும்பு ஆறிவிடும் என்ற பயத்தில் ஒன்றும் சொல்லவில்லை.

ஊர் கொஞ்ச நாள் கதைத்தது. பிறகு மண்வெட்டி தேவைப்பட்டபோது எங்களிடமே வந்தது.

எனக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது? குசினியில் நான் சமைப்பது அன்றன்றைக்கே முடிந்துபோகும். இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லில் செய்தது வீதியில் உருண்டு போகும், வயலில் உழும். யாருடைய வண்டி போனாலும் பட்டாவில் என் அடியைத் தேடுவேன்.

ஆனால் மழைக்காலத்தில் எங்களுக்கு வேலை படுத்துவிடும். ஊரில் வெட்டு முடிந்தால்தான் கம்மாலைக்கு ஆள் வரும். தமையனோ திரும்பி வரச்சொல்லிச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். கரையிலிருந்து ஓடர் வரத் தொடங்கினால் வருடம் முழுவதும் உலை எரியும், நாங்கள் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் யாழ்ப்பாணம். அங்கே சம்மட்டி அடிக்க ஆண்கள் வரிசையில் நின்றார்கள். நான் குசினிக்குத்தான் போக வேண்டும். அந்தோனி அண்ணை வெறுங்கையோடு போனால் கரையில் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

பஸ் வருவதற்கு முன் அவரைப் பிடித்துவிட்டேன்.

"அண்ணை, நங்கூரம் அடிச்சுத் தாறம். நீங்கள் சொன்ன மாதிரி நிமிரும். பதினைஞ்சு நாளால வாங்கோ."

"ஆசாரியார் மாட்டன் எண்டெல்லே சொல்லுறார், தங்கச்சி?"

"அவர் அடிப்பார்" என்றேன். எப்படி என்று எனக்கும் தெரியாது.

3. அடித்த இரும்பு என்றால் என்ன

இப்போது வெல்டிங்கும் லேத்தும் படிக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால், உருக்கி வார்த்த சாமானுக்கும் அடித்துச் செய்த சாமானுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

வார்ப்பு என்றால் இரும்பைத் தண்ணீர்போல உருக்கி அச்சில் ஊற்றுவது. என்ன உருவமும் வரும், பாரமும் தாங்கும். ஆனால் உள்ளே நார் இராது. ஒரு குத்து விழுந்தால் சட்டிபோல உடையும். அடித்த இரும்பு அப்படியல்ல. சூடாக்கி அடிக்க அடிக்க உள்ளே நார் ஓடும், மரத்தில் ஓடுவதுபோல. வளைத்தால் நாரும் சேர்ந்து வளையும். அதனால்தான் கொக்கி, அச்சாணி, உழவு மெசினின் இழுவைத் தண்டு எல்லாவற்றையும் அடித்துச் செய்கிறார்கள். தகட்டில் கொக்கி உருவத்தை வெட்டி எடுத்தால் நாரும் வெட்டுப்பட்டுவிடும். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். தூக்கும்போது தெரியும்.

சூட்டை நிறத்தால் அறிய வேண்டும். மங்கிய சிவப்பில் அடித்தால் வெடிக்கும். செம்மஞ்சளில் இரும்பு சொல்வழி கேட்கும். இரண்டு துண்டை ஒன்றாக ஒட்டவேண்டுமானால் வெள்ளையாக, பொறி பறக்கத் தொடங்கும் நேரத்தில் எடுக்க வேண்டும். மேலே வெள்ளை மணலைத் தூவுவோம். அது உருகி அழுக்கை வெளியே தள்ளிவிடும். கொஞ்சம் பிந்தினால் இரும்பு எரிந்துபோகும், முந்தினால் ஒட்டாது.

ஆசாரி கையில் சிறிய சுத்தியல், அடிக்கிறவர் கையில் சம்மட்டி. சுத்தியல் தொட்ட இடத்தில் சம்மட்டி விழ வேண்டும். சுத்தியல் மெல்லத் தொட்டால் மெல்ல அடி, ஓங்கித் தொட்டால் ஓங்கி அடி. வெறும் அடைகல்லில் சுத்தியலைத் தட்டிப் படுக்க வைத்தால் நிறுத்து என்று அர்த்தம். வாயால் ஒரு சொல்லும் தேவையில்லை. இது பிறகு எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

கடைசி வேலை துவைச்சல். சிவக்கக் காய்ந்த சாமானைத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தினால் விறைத்துவிடும், வெட்டும் வாய் கூராக நிற்கும். திரும்பவும் அளவாகச் சூடு காட்டினால் உடையாத விறைப்பு வரும். மாறாக உமிச் சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டால் இரும்பு இளகி, வளைந்து கொடுக்கும். இவருடைய துவைச்சலுக்குப் பரந்தனில்கூடப் பெயர் இருந்தது. அந்தோனி அண்ணையின் முதல் நங்கூரத்தை லொறியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்து, மண்வெட்டிக்குப் போடுவதுபோலத் துவைச்சலும் போட்டுக் கொடுத்தார். வயற்காரருக்கே வேலை செய்து பழகிய கை அது. அந்த நங்கூரத்தை யானை இழுத்தாலும் நிமிராது.

4. வெறுந் தொட்டி

நான் ஓடர் எடுத்ததைச் சொன்னதும் இவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"என்ர கையால பச்சை இரும்பு வெளியில போகாது" என்றார். "கையை மெல்லிசாய் அடிக்கிறன். துவைச்சல் போடாமல் விடமாட்டன். இது முடிய, மாரியோட யாழ்ப்பாணம் போறம்."

"அந்த மனுசர் என்ன கேட்டவர்? நீங்கள் என்ன செய்யிறியள்?"

"நீர் சம்மட்டி அடிக்க வந்தனீரோ, எனக்குத் தொழில் படிப்பிக்க வந்தனீரோ?"

அதோடு பேச்சு நின்றது. சோறு போடுவேன், சாப்பிடுவார். சோற்றுக் கோப்பையைத் தள்ளினால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். எனக்கும் ரோசம் குறைவில்லை, குழம்பில் உப்பைக் கூட்டிவிட்டுப் பேசாமல் இருந்தேன். அதையும் பேசாமல் சாப்பிட்டார்.

ஆனால் கம்மாலையில் வேலை ஓடியது. தேய்ந்த அலவாங்குகள் நான்கை எடுத்தோம். குழி தோண்டித் தோண்டிக் கட்டையாகிப்போன கடப்பாரைகள். ஒவ்வொன்றையும் செம்மஞ்சளில் எடுத்து நீட்டினோம். இவருடைய சுத்தியல் தொடும், என் சம்மட்டி விழும். வீட்டுக்குள் ஒரு சொல்லும் இல்லாத மனிதர் அடைகல்லில் என்னோடு நாள் முழுக்கக் கதைத்துக்கொண்டிருந்தார். ஓங்கு, மெல்ல, கொஞ்சம் தள்ளி, போதும். ஒருநாள் என் தோள் நோவதைக் கண்டார்போலும், சுத்தியல் வழக்கத்துக்கு மாறாக அடிக்கடி படுத்தது. நான் கவனிக்காததுபோல் இருந்தேன். உள்ளே இளகியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான்கு தண்டுகளையும் கம்பியால் கட்டி, மேல் பாதியை வெள்ளைச் சூட்டில் ஒட்டி ஒரே தண்டாக்கினோம். அந்த ஒட்டு தவறினால் எல்லாம் போச்சு. ஒருவர் நினைப்பதை மற்றவர் கேட்காமலே அறிந்தால்தான் அது நடக்கும். பொறி பறந்ததும் இவர் எடுத்தார், என் சம்மட்டி அந்தரத்தில் காத்து நின்றது. ஒட்டிய தடமே தெரியவில்லை. தலையில் வளையம் போட்டோம். கீழ்ப் பாதியை நான்கு பக்கமும் விரித்து வளைத்துக் கைகளாக்கினோம். மெல்லிய, வடிவான கைகள்.

அந்தோனி அண்ணை வரும் நாள் காலமையில் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. இவர் விடிய எழும்பி நங்கூரத்தை உலையில் வைத்தார். நான் துருத்தி இழுத்தேன். கைகள் நான்கும் நல்ல சிவப்புக்கு வந்தன. குறட்டால் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பினார்.

தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் பல் தீட்டப் போன நேரத்தில் நான் அதைக் கவிழ்த்து ஊற்றிவிட்டிருந்தேன்.

கிணறு காணியின் அந்தக் கோடியில். போய் அள்ளிக்கொண்டு வருவதற்குள் இரும்பு ஆறிவிடும். நங்கூரத்தைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அவருடைய முகம் அந்த இரும்பைவிடச் சிவந்திருந்தது. நான் பக்கத்தில் குவித்து வைத்திருந்த உமிச் சாம்பலை விரலால் காட்டினேன்.

அவர் வெறுந் தொட்டியை இன்னொருமுறை பார்த்தார். பிறகு நங்கூரத்தைச் சாம்பலுக்குள் செருகி, மேலே மூடிவிட்டு, சுத்தியலை அடைகல்லில் படுக்க வைத்தார். வெளியே போய்விட்டார்.

5. புளியமரத்தடி

பின்னேர பஸ்சில் அந்தோனி அண்ணை வந்தார். நங்கூரம் ஆறியிருந்தது. கையில் எடுத்துத் தடவிப் பார்த்தவர், "இழுத்துப் பாப்பம்" என்றார்.

வீதியோரத்துப் புளியமரத்தின் வேரில் ஒரு கையை மாட்டினோம். வளையத்தில் கயிறு கட்டி முதலில் அந்தோனி அண்ணை தனியாக இழுத்தார். அசையவில்லை. கடலில் துடுப்பு வலித்து வலித்து உரமேறிய உடம்பு, கழுத்து நரம்பு புடைக்க இழுத்தும் கை அப்படியே நின்றது.

"சாதாரண காத்துக்கு இது பிடிக்கும்" என்றார். "இனி அலை வரட்டும்."

பக்கத்து வளவுக்காரர் தன் சோடி மாடுகளைக் கொண்டுவந்து பூட்டினார். பார்க்கச் சனம் கூடிவிட்டது. இவர் கம்மாலைத் தூணில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாடுகள் காலூன்றின. கயிறு விறைத்தது. பிறகு அந்தக் கை மெல்ல, மிக மெல்ல, தூக்கம் கலைந்தவர் கையை நீட்டுவதுபோல நிமிர்ந்து வேரிலிருந்து வழுகி வந்தது.

சனம் கைதட்டியது. இவர் தூணை விட்டு வந்து குந்தியிருந்து, வளைந்து நிமிர்ந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு மயிரளவு வெடிப்பும் இல்லை" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியாது. எனக்குத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

அந்தக் கையைத் திரும்பக் காய்ச்சி வளைத்தோம். திரும்பச் சாம்பலில் வைத்தோம்; அது ஆறும்வரை அந்தோனி அண்ணை இரவு எங்களோடு தங்கினார். விடிய இவர் நங்கூரத்தின் தலையில் திருநீறு பூசினார், அந்தோனி அண்ணை அதன்மேல் சிலுவை அடையாளம் போட்டார். முதல் பஸ்சில் அவரோடு அதை ஏற்றி அனுப்பினோம்.

6. வாடை

வாடைக்காற்றுத் தொடங்கிய கிழமையில் முரசுமோட்டை வரைக்கும் கடல் இரைவதுபோல ஒரு சத்தம். காற்றுத்தான். ஆனால் இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. முல்லைத்தீவு பஸ் வந்தால் வேலையை விட்டுவிட்டு வாசலுக்குப் போவார். யாரும் இறங்காவிட்டால் திரும்பி வந்து உலையைக் கிளறுவார். என்னோடு இன்னும் பேச்சு இல்லை. எனக்கும் அதே பயம்தான். பலமான இரும்பைக் கொடுத்து ஒருமுறை இரண்டு உயிரை அந்தரிக்க வைத்தோம். இந்தமுறை பச்சை இரும்பைக் கொடுத்திருக்கிறோம். அது பிடிக்கவேண்டிய நேரத்தில் விட்டுவிட்டால் அதற்கு நான்தான் காரணம்.

மழை விட்ட ஒருநாள் பஸ்சால் இரண்டு பேர் இறங்கினார்கள். அந்தோனி அண்ணையும் அவருடைய மனைவி மதலேனா அக்காவும். அண்ணையின் தோளில் சாக்கில் சுற்றிய ஏதோ பாரம். உள்ளே வந்து அதை நிலத்தில் வைத்து அவிழ்த்தார். எங்கள் நங்கூரம். கைகளில் மூன்று நிமிர்ந்து நேராகக் கிடந்தன.

"பாரில நிக்கேக்க கடல் எழும்பிப்போட்டுது" என்றார். "முந்தின மாதிரித்தான் கல்லில மாட்டுப்பட்டது. தம்பி கத்தியை எடுத்தான். பொறடா எண்டன். பெரிய அலையொண்டு வள்ளத்தைத் தூக்கிச்சுது. அணியம் ஒருக்கால் கீழ தாண்டு எழும்பினது, அவ்வளவுதான், கயிறு லேசாய்ப்போச்சு. இதை இழுத்துப் போட்டுக்கொண்டு பாயை விரிச்சு வந்திட்டம்."

மதலேனா அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்து, உள்ளங்கையில் சம்மட்டி ஏற்படுத்திய காய்ப்புகளைத் தடவிப் பார்த்தா. பிறகுதான் சொன்னா.

"நான் கரையில நிண்டனான், பிள்ளை. வாற வள்ளமெல்லாம் எண்ணிக்கொண்டு நிண்டனான்."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. இவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உலையில் கரி போட்டார். ஏற்கெனவே போதுமான கரி கிடந்தது.

"இதை வளைச்சுத் தாறன்" என்றார், திரும்பாமலே. "காய்ச்சாமல் அடிச்சு வளைச்சியள் எண்டால் வெடிச்சுப்போம். நிமிர நிமிர இஞ்ச கொண்டுவாங்கோ. உங்கட பக்கத்து வள்ளக்காரருக்கும் சொல்லுங்கோ."

அவர்கள் போன பின் தமையனுக்குச் செய்தி கொண்டுபோகும் ஆளிடம் இவர் சொன்னது என் காதில் விழுந்தது. "மாரியோட வரேல்லை எண்டு சொல்லும். இஞ்ச வேலை கிடக்கு."

அடுத்த நாள் விடிய நான் வாளியோடு கம்மாலைக்குப் போனேன். தண்ணீர் நிரப்புவது என் வேலை. தொட்டி விளிம்பு வரைக்கும் நிறைந்து கிடந்தது. கிணற்றடியிலிருந்து தொட்டி வரைக்கும் ஈர மண்ணில் அவருடைய பெரிய கால்களின் தடம்.

அன்றைக்கு ஒரு கத்தி அடித்தோம். சிவந்த கத்தியைக் குறட்டில் பிடித்துக்கொண்டு தொட்டிக்கும் சாம்பலுக்கும் நடுவில் நின்றார். இவ்வளவு நாளும் பேசாதிருந்த மனிதர் கேட்டார்:

"இஞ்சரும். தண்ணியோ, சாம்பலோ?"

கத்திக்கு எது என்று அவருக்குத் தெரியாதா? "தண்ணி" என்றேன்.

7. பிள்ளைகளுக்கு

பிறகு கரையிலிருந்து நங்கூரங்கள் வந்துகொண்டே இருந்தன. கை நிமிர்ந்தவையும் புதிதாகக் கேட்டவையும். உழவு மெசின்கள் பெருகியபோது இழுவைக் கொக்கிகளும் தண்டுகளும் வந்தன. எல்லாவற்றையும் இருவரும்தான் அடித்தோம். நான் படித்தது இவ்வளவுதான்: ஒரு சாமானை அடிக்கத் தொடங்குமுன் அது எதைத் தாங்க வேண்டும் என்று கேளுங்கள். எந்த இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் கேளுங்கள். அதைப் பாவிக்கிறவரிடமே கேளுங்கள். விறைப்பாகச் செய்வது ஒரு கெட்டித்தனம், இளக்கமாகச் செய்வது இன்னொரு கெட்டித்தனம்.

அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மகளின் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை பகுதியார் ஏதோ சொல்லி இவர் கொதித்து எழும்பினால், ஒருமுறை என் பக்கம் பார்ப்பார். "சாம்பல்" என்பேன். இருந்துவிடுவார்.

நான் கோபித்தால் மட்டும் அவர் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. தொட்டியை நிரப்ப வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார்.